மதரம்மா மடியில் போட்ட பிள்ளைகள்

பந்தலில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே ஒரு நாற்காலிதான் காலி. சிவப்பு வெல்வெட் தைத்த நாற்காலி. புத்தூரில் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறவரிடம் கேட்டு, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் உட்கார வேண்டியவர் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

“உட்காருங்கள் மதர். உங்களுக்காகத்தானே இவ்வளவும்” என்றார், பிஷப் இருக்கிற மேற்றிராசனத்திலிருந்து வந்திருந்த பெரிய சாமியார்.

“நிக்கிறேன் சாமி. நின்னு நின்னு பழகிப்போச்சி” என்றார் மதரம்மா.

புரட்டாசி மாத வெயில். பச்சைத் தென்னங்கீற்று வாசனையும், பின்கட்டில் வெங்காயம் வதங்குகிற வாசனையும், எங்கள் பிரசவ அறையின் டெட்டால் வாசனையும் கலந்து அடித்தன. மேசைமேல் ஒரு தட்டு. தட்டில் மடித்து வைத்த பட்டுச் சால்வை. அந்தச் சால்வையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் யார் இந்த மதரம்மா என்று சொல்ல வேண்டும்.

தலை குனிந்த படம்

சித்தூரில் நான் நர்ஸ் படிப்பு முடித்ததையும், குடிகாரப் புருஷனை விட்டுவிட்டு நகரியில் நைனா வீட்டுக்குத் திரும்பி வந்ததையும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். எங்கள் நைனா நெசவாளி. “ஊட்ல குந்திகினு அழுவாத. படிச்ச படிப்பு கீது இல்ல, போய் வேலயப் பாரு” என்று அவர்தான் என்னைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில் இருந்தது அது. அந்த மடத்தையும் ஆஸ்பத்திரியையும் தொடங்கியவர் மதர் அருளம்மாள். ஜனங்கள் வாயில் மதரம்மா.

நான் இந்து. கழுத்தில் ஜெபமாலை போட்டவள் இல்லை. ஆனால் அந்த அம்மாளோடு பல வருஷம் ஒரே அறையில் இரத்தமும் தண்ணீருமாய் நின்று வேலை பார்த்தவள். அவரோடு சண்டை போட்டவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மடத்திலிருந்து இரண்டு இளம் சிஸ்டர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். மதரம்மாவுக்கு நூற்றாண்டு விழாவாம். நான் மேடையில் உட்கார வேண்டுமாம். ஒரு படத்தைக் கொடுத்தார்கள். தலை குனிந்து, கை கூப்பி, கண்ணை மூடி ஓர் அம்மாள். கீழே, ‘பணிவின் திருவுருவம்’ என்று அச்சிட்டிருந்தது.

“யாரும்மா இது?” என்று கேட்டேன்.

“எங்க ஸ்தாபகர், மதர் அருளம்மாள்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பணிவாம்! அந்த அம்மாள் தலை குனிந்து நான் பார்த்தது பிரசவக் கட்டிலுக்கு எதிரில் மட்டும்தான். குழந்தையின் தலை தெரிகிறதா என்று பார்க்கக் குனிவார். மற்ற நேரமெல்லாம் மோவாய் மேலேதான்.

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாவம், அந்தப் பெண்கள் முகம் வாடிப்போயிற்று. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படி. கௌரவிக்கிறோம் என்று சொல்லி ஆளையே மாற்றி வைத்துவிடுகிறார்கள்.

தேவமாதாவுக்குக் கிடைத்த வரம்

மதரம்மா மடத்தைத் தொடங்கிய கதையை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அவர் அப்போது ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். நெசவாளர் தெருவில் ஒரு பெண், குழந்தை குறுக்கே விழுந்து, பார்க்க ஆளில்லாமல் செத்துப்போனாள். பாடம் நடத்திக்கொண்டிருந்த அறைவரைக்கும் அவள் அலறல் கேட்டதாம். அதற்கப்புறம் அவருக்குப் பாடம் நடத்த வாய் வரவில்லை.

சகாயம் என்கிற தோழியையும் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். மூன்று பேருமாக ஒரு நெல் கொட்டகையை மெழுகிச் சுண்ணாம்பு அடித்து, கன்னியர் மடமாகச் சேர்ந்து வாழ அனுமதி கேட்டார்கள். அந்தக் காலத்தில் கன்னியாஸ்திரிகள் பிரசவம் பார்ப்பதற்குச் சபையில் தடை. கன்னிப் பெண்கள் அதையெல்லாம் கண்ணால் பார்க்கவே கூடாதாம்.

“தேவமாதாவையே பாரம்மா. வேதனை ஒன்றுமில்லாமல் பெற்றாள். மருத்துவச்சியா கூப்பிட்டாள்?” என்று அப்போதிருந்த சாமியார் கேட்டாராம்.

“எங்க ஊரு பொம்பளைங்களுக்கு அந்த வரம் கெடைக்கலியே சாமி. இன்னா பண்றது?” என்றாராம் இவர்.

அனுமதி கிடைக்கச் சில வருஷங்கள் ஆயின. அதுவரைக்கும் பிரசவம் நின்றதா என்றால், இல்லை. குழந்தை எந்த அனுமதிக்காகக் காத்திருக்கும்?

தவிட்டுக்கு விற்கிற ஊர்

பிறந்த குழந்தை தங்காத வீடுகளில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த குழந்தை பிறந்ததும், அதைக் குப்பைமேட்டில் ஒரு தடவை போட்டு எடுப்பார்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். ‘இது எங்கள் பிள்ளை இல்லை, யாரோ பெற்றது, நாங்கள் வளர்க்கிறோம்’ என்று விதியை ஏமாற்றுகிற வேலை. குப்பன், குப்பம்மா, பிச்சை, தவிட்டம்மா என்று எங்கள் ஊரில் பேர் இருந்தால் கதை இதுதான்.

நெசவாளர் தெருக் குப்பம்மாவும் அப்படிக் குப்பையில் போட்டு எடுத்த பிள்ளைதான். அவளுக்கும் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. கடைசியில் மதரம்மா கையில் ஓர் ஆண் குழந்தை பிறந்து, மூச்சில்லாமல் நீலம் பாரித்துக் கிடந்தது. மதரம்மா வாயோடு வாய் வைத்து ஊதி ஊதி அதை அழவைத்தார். தாய்க்கு முன்னால் மதரம்மாதான் அழுதார் என்று சிஸ்டர்கள் சொல்வார்கள்.

அந்தக் குழந்தைக்குத் திருப்பதியில் முதல் முடி இறக்குவதாக வேண்டுதல். புறப்பட்ட அன்றைக்கு, மஞ்சள் துணியில் காணிக்கையை முடிந்துகொண்டு, குப்பம்மா பஸ்ஸுக்குப் போகாமல் நேரே மடத்து வாசலுக்கு வந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த மதரம்மா மடியில் குழந்தையைப் பொத்தென்று போட்டாள்.

“இது ஒங்க புள்ளமா. எங்களுது இல்ல. மலைக்கி கூட்டினு போறோம். நீங்க குடுத்தாதான் ஆச்சி.”

மதரம்மாவுக்கு ஊர் வழக்கம் தெரியும். ஒரு நிமிஷம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு அதன் நெற்றியில் சிலுவை போட்டு, தூக்கி அவள் கையில் கொடுத்தாராம்.

“ஆமா, எம்புள்ளதான். பத்திரமா கூட்டினு போயிட்டு வாங்க.”

குழந்தை பிழைத்துக் கெட்டியாக வளர்ந்தது. அவ்வளவுதான், ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. அங்கே பிறந்த பிள்ளை எதுவானாலும், மலைக்குப் போகிற அன்றைக்கு முதலில் மதரம்மா மடி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது ஒரு சடங்காகவே ஆகியிருந்தது. புரட்டாசி சனிக்கிழமைகளில் வராந்தாவில் கூட்டம் நெரியும். எண்ணெய் வைத்துச் சீவின சுருட்டை முடியோடு பிள்ளைகள் வரிசையாக மடியில் விழுந்து எழுந்து போகும். அவருடைய வெள்ளைப் புடவை முழுக்க எண்ணெய்க் கறை. துவைக்கிற சிஸ்டர் திட்டிக்கொண்டே துவைப்பார்.

“இன்னா மதர் இது? நீங்க யேசுகிட்ட குடுக்குறீங்களா, ஏழுமலையான்கிட்ட அனுப்புறீங்களா?” என்று நான்கூட ஒருநாள் கிண்டல் செய்தேன்.

“நான் அவங்கம்மா கையில குடுக்குறேன். அப்பால அவ எங்க கூட்டினு போனா எனக்கின்னா?” என்றார்.

கோடு போட்ட வருஷம்

எல்லையைப் பிரித்த சமயம் அது. ஆந்திரா தனி ராஜ்ஜியமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எந்தத் தாலுகா யாருக்கு என்று டீக்கடையெல்லாம் சண்டை. பஸ்ஸில் இருக்கிற ஊர்ப் பெயர்ப் பலகைமேல் இவர்கள் தார் பூசுவார்கள், அவர்கள் சுரண்டுவார்கள். கடைசியில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகிறது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நிற்கின்றன என்று முடிவாயிற்று. எங்கள் நைனா நாள் முழுக்கத் தறியில் உட்காராமல் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

பிரசவ அறைக்குள் மட்டும் அந்தச் சண்டை வரவில்லை. வருகிற பெண்கள் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. வலி எடுத்தால் புருஷனைத் தெலுங்கில் திட்டிவிட்டு, சாமியைத் தமிழில் திட்டுகிறவளும் உண்டு.

அந்த எல்லைக்கோட்டை வைத்துத்தான் மதரம்மாவைக் கிளப்பப் பார்த்தார்கள்.

புகார் சொன்னவர் மாதா கோயிலில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். மோசமான மனுஷர் என்று சொல்ல மாட்டேன், பயந்த மனுஷர். ‘மதர் குழந்தைகளைத் தம் சொந்தப் பிள்ளை என்று சொல்லித் திருப்பதிக்கு அனுப்பிவைக்கிறார், அங்கிருந்து வருகிற லட்டையும் வாங்கிக்கொள்கிறார்’ என்று மேலிடத்தில் போய்ச் சொல்லிவிட்டார்.

மடம் தொடங்கி இருபத்தைந்து வருஷ ஜூபிலிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் பெரிய சாமியார் வந்து சேர்ந்தார். வராந்தாவில் மதரம்மாவோடு பேசினார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கத்தரிக்கோலையும் இடுக்கியையும் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தேன். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

“லட்டு சாப்பிட்டீர்களா மதர்?”

“பசிச்சிது சாமி, துன்னேன்.”

சாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “நாளைக்கு ஜனங்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ‘இது தெரியாமல் நடந்த தப்பு, இனிமேல் நடக்காது’ என்று. அவ்வளவுதான். வாசலில் ‘ஸ்தாபகர்’ என்று உங்கள் பேரில் கல் நடுவோம். கடைசிவரை இங்கேயே இருக்கலாம்.”

“சொல்லலைன்னா?”

“எல்லை பிரிந்துவிட்டது பாருங்கள். திருத்தணிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மடம் திறக்கிறோம். அங்கே தமிழ் ஜனங்கள். நீங்கள் தமிழ். இங்கே தெலுங்கு தெரிந்த ஒருவர் தலைவியாக இருந்தால் நல்லது என்று மேலே அபிப்பிராயம்.”

“முக்கு, மூச்ச உடுன்னு ரெண்டு பாஷையிலயும் எனக்குச் சொல்லத் தெரியும் சாமி. இந்த வேலைக்கு அதுக்கு மேல இன்னா பாஷ வேணும்?”

சாமியார் எழுந்துவிட்டார். “யோசியுங்கள். சால்வை வாங்கி வந்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

புங்கமரத்தடி

மடத்துக்குப் பின்னால் ஒரு புங்கமரம். அதன் கீழே சிஸ்டர் சகாயத்தின் கல்லறை. நெல் கொட்டகையில் கூட நின்ற அதே சகாயம். காலரா வந்த வருஷம் போய்விட்டார். அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடத்தை விட்டுவைத்து, “இது எனக்கு” என்று மதரம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தனக்கென்று கேட்ட சொத்து அது ஒன்றுதான்.

சாயங்காலம் அங்கே போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு வார்த்ததான மதர்? சொல்லித் தொலைங்களேன். அவங்களும் போயிடுவாங்க, நீங்களும் இங்கியே இருக்கலாம். நீங்க போயிட்டா நாங்க இன்னா பண்றது?”

திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

“ராஜி, நான் தப்புன்னு சொல்றேன்னு வெச்சிக்க. நாளைக்கி குப்பம்மா புள்ளைக்கி ஒரு ஜொரம் வரும். அவ இன்னா நெனைப்பா? ‘மதரம்மா எம்புள்ளன்னு சொன்னது பொய்யாம், அதான் வந்துச்சி’ன்னு நெனைப்பா. இந்த ஊர்ல ஒருத்தியாவது தூங்குவாளா? எனக்கு ஒரு கல்லு வேணும்னு அத்தினி பொம்பளைங்க வயித்துலயும் நெருப்ப வெக்கச் சொல்றியா?”

“அப்போ போயிடப் போறீங்களா?”

“போன்னா போவேன். கீழ்ப்படிதல்னு வார்த்தப்பாடு குடுத்துக்கீறேன். காலு அவங்க சொல்ற எடத்துக்குப் போவும். பொய் சொல்ல வாயக் குடுக்கறதா நான் வார்த்தப்பாடு குடுக்கல.”

நான் அங்கிருந்து நேரே நெசவாளர் தெருவுக்குப் போனேன். மறுநாள் சனிக்கிழமை. குப்பம்மா தன் இரண்டாவது குழந்தையோடு மலைக்குப் புறப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். முன்னால் விழா நடக்கிறதே, பின்வாசல் வழியாக வரலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“பின்வாசல் வாணாம். முன்பக்கமா, பந்தலுக்குள்ளியே வா” என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன்.

நாற்காலி

இனி அந்தப் பந்தலுக்கு வருகிறேன். பெரிய சாமியார் நன்றாகத்தான் பேசினார். மதரின் தியாகம், மதரின் எளிமை என்று அடுக்கினார். பேசி முடித்துவிட்டு, “இப்போது மதர் உங்களிடம் ஒரு முக்கியமான வார்த்தை சொல்வார்” என்று சால்வைத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர்கள் கழுத்தை நீட்டி மதரம்மாவையே பார்த்தார்கள்.

மதரம்மா ஓர் அடி முன்னால் வந்தார். வாசலைப் பார்த்தார்.

குப்பம்மா வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் புடவை, இடுப்பில் பெண் குழந்தை, பின்னால் புருஷன் தோளில் மூட்டை. பந்தலில் அத்தனை பெரிய மனுஷர்களைப் பார்த்ததும் நடுவழியில் நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று எனக்கு உயிரே இல்லை.

மதரம்மா அப்போதுதான் அந்த வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்தார். புடவையைத் தட்டி, மடியை விரித்தார்.

“இன்னாத்துக்கு நிக்கிற? பஸ்ஸு போயிடும். போடு.”

குப்பம்மா ஓடிவந்து போட்டாள். குழந்தை வீல் என்று கத்தியது. மதரம்மா அதன் நெற்றியில் நிதானமாகச் சிலுவை போட்டார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி உரக்கச் சொன்னார்:

“எம்புள்ளதான். பத்திரமா கூட்டினு போயிட்டு வாங்க.”

குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய சாமியாரைப் பார்த்தார்.

“நான் சொல்ல வேண்டிய வார்த்த இதுதான் சாமி. எப்போ கெளம்பணும்னு சொல்லுங்க.”

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ குலவை போட்டார்கள். கன்னியர் மடத்து விழாவில் குலவையா என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் எல்லோரும் போட்டார்கள். சிஸ்டர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாமியார் தட்டை மேசைமேல் வைத்துவிட்டார். அந்தச் சால்வை யார் தோளுக்கும் போகவில்லை.

பணிவாம்!

அடுத்த வாரமே மதரம்மா ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறிப் போய்விட்டார். கல்லும் நடவில்லை. புங்கமரத்தடி இடம் காலியாகவே கிடந்தது. பிற்பாடு அவரைத் திருத்தணிக்கு அந்தப் பக்கத்து மண்ணில்தான் புதைத்தார்கள். அதை நினைத்தால் இத்தனை வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது. நூற்றாண்டுப் புத்தகத்தில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ‘மேலிடத்தின் விருப்பத்தை இன்முகத்தோடு ஏற்று, எல்லைக்கு அப்பால் பணியாற்றச் சென்றார்’ என்று. ஒரே வரி.

அவர்கள் எழுதாததை நான் எழுதுகிறேன்.

மதரம்மா போன அடுத்த புரட்டாசி. முதல் சனிக்கிழமை. நகரி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். மஞ்சள் துணியும் மூட்டையுமாக எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டமே நின்றது. முன்னால் குப்பம்மா, தன் தங்கச்சி பெற்ற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தங்கச்சி பக்கத்தில். திருப்பதி பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஒருத்திகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் எதிரில் நின்ற திருத்தணி பஸ்ஸில் ஏறினார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.

கண்டக்டர் பதறிப்போய்விட்டான்.

“ஏம்மா, மலைக்கித்தான போறீங்க? திருப்பதி பஸ்ஸு அதோ நிக்கிது. இது மெட்ராஸ் எல்லைக்குள்ள போறது. எறங்குங்க, எறங்குங்க!”

“தெரியும்பா” என்றாள் குப்பம்மா. குழந்தையை மடியில் சரியாக உட்காரவைத்துக்கொண்டாள். “இது எங்க புள்ள இல்ல. இதோட அம்மா அந்தப் பக்கம் கீறாங்க. அவங்களாண்ட கேட்டுட்டு, அப்பால திரும்பி வந்து மலைக்கிப் போறோம். நீ டிக்கெட்டக் கிழி.”